படியும் மூலமும்: கணினி மாற்றியபோது எழுதிய குறிப்புகள்

ஏழாண்டுகள் உடனிருந்த மடிக்கணினியைச் சென்ற மாதம் மாற்ற நேர்ந்தது. மொழியியல் முதுகலையில் சேர்ந்த ஆண்டு அப்பா வாங்கிக் கொடுத்தது அது. கீல் தளர்ந்துவிட்டது, மின்கலம் இருபது நிமிடங்களுக்குமேல் தாங்கவில்லை, களப்பணிக்கு எடுத்துச்செல்ல இனி இயலாது என்றானது. ஆய்வு உதவித்தொகையின் நிலுவை ஒருசேர வந்ததால் புதியது வாங்க முடிந்தது. கோப்புகளை மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை என்று விடுதித் தோழிகள் சொன்னார்கள். எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அந்நாள்களில் கண்டவற்றுள் சில, மொழித்தரவுகளோடு பழகும் பிற ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியிருந்தது மொத்தம் 412 கிகாபைட்டு. அதில் பெரும்பகுதி, தெலங்கானாவின் ஆசிபாபாத் வட்டாரத்தில் நான் பதிவுசெய்த கோலாமி மொழியின் ஒலி, காணொளிக் கோப்புகள். ஹைதராபாத்திலிருந்து ரயிலில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஊர்களுக்குப் போய்வந்து நான்காண்டுகளில் சேர்த்தவை. மிகச் சிறிய பகுதி, அப்பாவின் கோப்புகள்: எல்லாம் சேர்த்து 9 மெகாபைட்டுதான். எஞ்சியவை எல்லார் கணினியிலும் இருப்பவை. நிழற்படங்கள், விண்ணப்பங்கள், ஒரே கட்டுரையின் பதினேழு வரைவுகள்.

கோப்பு மாற்றம் என்று பொதுவாகச் சொல்கிறோம். மொழியியல் மாணவர்களுக்கு அந்தச் சொல்லில் ஓர் ஐயம் எழ வேண்டும். புதிய இடத்தில் இருப்பது ‘அதே’ கோப்புதானா? எந்தப் பொருளில் அது அதே? இந்தக் கேள்விக்கு மூன்று படிநிலைகளில் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைத்தன.

முதல் படிநிலை எளியது. பொறியே விடை சொல்லிவிடும். எஸ்எச்ஏ-256 என்றொரு கணக்கீட்டு முறை உண்டு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 256 பிட்டு நீளமுள்ள ஓர் எண்ணைத் தரும். பதினாறடிமான முறையில் எழுதினால் 64 இலக்கம். கோப்பில் ஒரே ஒரு பிட்டு மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். பழைய கணினியில் எல்லாக் கோப்புகளுக்கும் இந்த எண்களை எடுத்துப் பட்டியலிட்டேன். படியெடுத்த பிறகு புதியதிலும் எடுத்தேன். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டபோது இரண்டு கோப்புகள் மட்டும் பொருந்தவில்லை. பழைய வட்டின் அந்தப் பகுதி பழுதாகியிருந்தது. வெளிவட்டில் வைத்திருந்த காப்புப்படியிலிருந்து அவற்றை மீட்டேன். 48 கிலோஹெர்ட்சு, 24 பிட்டு அளவில் ஒரு தடத்தில் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 518 மெகாபைட்டு வரும். அத்தகைய கோப்பில் நடுவே ஒரு நொடி சிதைந்திருந்தால் அதைக் காதால் கண்டுபிடிப்பது அரிது. எண் கண்டுபிடித்துவிடும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தில் வழக்கமான முறையில் ஒரு கோப்பைப் படியெடுத்தால், ‘திருத்திய நாள்’ பழையதாகவே இருக்கும். ‘உருவாக்கிய நாள்’ மட்டும் படியெடுத்த நாளாகிவிடும். 2021இல் திருத்திய கோப்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்ததாகக் காட்டும். பதிவுசெய்த நாளை இந்த விவரத்திலிருந்து அறியலாம் என்று எவரேனும் நம்பியிருந்தால் ஒரு கணினி மாற்றத்தோடு அது போய்விடும். நாளைக் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதிவைப்பதே பாதுகாப்பானது.

இரண்டாம் படிநிலையில்தான் தமிழ் வருகிறது.

புதிய கணினியில் ‘கோலாமி’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே இருந்தன. ஓர் இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகளை எந்தக் கணினியும் அனுமதிக்காது. காரணம் யூனிகோடில் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்களில் எழுதலாம். ககரம், ஏகாரக் குறியான இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியெண்களிலும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று யூனிகோடு விதிக்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் கோப்பு முறைமை எண்களைப் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தின் பழைய மேக் கணினி வழியாக வந்த கோப்புறையில் பெயர் பிரித்து எழுதப்பட்டிருந்தது. என் கணினியில் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபடுத்தப்படவில்லை என்று படித்திருக்கிறோம். அங்கே ஒரே வடிவம் இரண்டு ஒலிகளுக்கு நின்றது. படிப்பவர் இடம் நோக்கிப் பிரித்துக்கொண்டார். இங்கே ஒரே எழுத்துக்கு இரண்டு எண்கோவைகள். இதைப் பிரித்தறியப் படிப்பவரால் இயலாது.

இது சிறிய தொல்லை. பெரியது அப்பாவின் கோப்புறையில் இருந்தது.

அப்பா விருதுநகர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கிணற்றுப் பாசனம் முற்றிலும் மின்மோட்டாருக்கு மாறிவிட்ட பின்பு, கமலை இறைத்த தலைமுறையிடமிருந்து அத்தொழிலின் சொற்களைச் சேகரித்தார். சால், வடம், வால்கயிறு, உருளை என்று தொடங்கி 1,340 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், சொன்னவரின் ஊர், வயது. 2004 வாக்கில், பள்ளி முடிந்த மாலைகளில், தெரிந்தவர் ஒருவரின் தட்டச்சு நிலையத்தில் உட்கார்ந்து தாமே அடித்தார். எழுத்துரு பாமினி.

இளைய மாணவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ‘தமிழ்’ என்ற சொல் கோப்பில் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே இருக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுக்கும். எழுத்துரு நிறுவப்படாத கணினியில் முகம் கழன்றுவிடும். யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது அச்சகங்களுக்கும் தட்டச்சு நிலையங்களுக்கும் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அந்த இடைவெளியில் பிறந்த தமிழ்க்கோப்புகள் எத்தனையோ வீடுகளின் பழைய வட்டுகளில் இவ்வாறு கிடக்கின்றன. பிட்டு அளவில் அப்பாவின் கோப்புகள் பழுதின்றி வந்திருந்தன. 64 இலக்கங்களும் பொருந்தின. புதிய கணினியில் திறந்தபோது ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் பல உள்ளன. மாற்றிப் பார்த்தபோது ஏறத்தாழ எல்லாம் சரியாக இருந்தது. அந்த ‘ஏறத்தாழ’வில்தான் சிக்கல். பழைய தட்டச்சு வழக்கில் துணைக்காலும் ரகரத்தின் வடிவும் ஒன்றுபோல் இருந்ததால், ரகர மெய்யைத் துணைக்காலின்மேல் புள்ளியிட்டு அடிப்பது இயல்பு. அச்சில் வேறுபாடே தெரியாது. யூனிகோடுக்கு வரும்போது ‘நீர்’ என்பது ‘நீா்’ ஆகிறது. இரண்டையும் அருகில் வைத்துப் பாருங்கள். சில திரைகளில் ஒன்றுபோலவே தோன்றும். தேடுபொறியில் ‘நீர்’ என்று தேடினால் இரண்டாவது கிடைக்காது. பாசனச் சொற்களின் தொகுப்பில் நீரைத் தேடினால் நீர் இல்லை என்ற விடை வந்தது.

இன்னும் ஒரு படி மேலே போகிறது இது. ‘வேர்’ என்பதில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து வருவதால் கருவி அவற்றைச் சேர்த்து ஓகாரமாக்கிவிடுகிறது: ‘வோ்’. ‘தெரி’ என்பது ‘தொி’ ஆகிறது. அகரவரிசைப்படுத்தினால் வேர் வகர ஓகாரத்தில் போய் உட்காரும்.

இதைத் தீர்க்க ஒலியனியல் கைகொடுத்தது. தமிழில் ஆகாரக் குறியின்மேல் புள்ளி வர இயலாது. ஓர் உயிர்க்குறியை அடுத்து இன்னோர் உயிர்க்குறி வரவும் இயலாது. விலக்கே இல்லாத விதி. எனவே துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகர ஈகாரக் குறியோ வந்தால் அந்தத் துணைக்கால் உண்மையில் ரகரமே. ஒகர ஓகாரக் குறிகளை அடுத்து அவை வந்தால், குறியைப் பிரித்துக் கொம்பைத் தனியாகவும் ரகரத்தைத் தனியாகவும் எழுத வேண்டும். பைத்தானில் இருபது வரியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் திருந்தின. எழுத்துப் பிழைகளைத் திருத்த அகராதி தேவைப்படவில்லை. எந்த வரிசை தமிழில் இயலாது என்ற அறிவு போதுமானதாக இருந்தது. முதல் பருவத்தில் மனப்பாடம் செய்த எழுத்து மயக்க விதிகளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இயலாதவற்றைத் திருத்தலாமே தவிர, இயலக்கூடியவற்றில் கை வைக்கக் கூடாது. ஒரு சொல் ‘வடக்கவுறு’ என்று இருந்தது. சொற்பிழை திருத்தியில் போட்டால் ‘வடக்கயிறு’ என்று மாற்றச் சொல்கிறது. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அப்பா, இதைக் கவுறுன்னுதான் அடிச்சீங்களா?”

“ஆமாம்மா. பெரியப்பா வாயில அப்படித்தான் வரும். திருத்திராத. வால்கயிறுன்னு பக்கத்துல இருக்கும் பாரு, அது வேற ஊர்க்காரர் சொன்னது.”

ஓர் ஊரின் ஒலிப்பு, தட்டச்சுப் பிழையின் வேடத்தில் நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய அடித்தவர் உயிரோடிருந்து தொலைபேசியை எடுக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின் இந்தக் கோப்பைத் திறப்பவர் என்ன செய்வார்? ஆகவே அன்றிரவே கோப்புறையில் ஒரு குறிப்பு எழுதிவைத்தேன்: எந்த எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, எந்த விதிகளால் திருத்தப்பட்டது, எவையெல்லாம் வட்டார ஒலிப்பு என்பதால் தொடப்படவில்லை. மாற்றத்துக்கு முந்தைய மூலக்கோப்பையும் அருகிலேயே வைத்தேன். படி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலத்தை அழிப்பதற்கு அது காரணமாகாது.

மூன்றாம் படிநிலை கோலாமிப் பதிவுகளில் எதிர்ப்பட்டது. பொறியோ இலக்கண விதியோ அங்கே உதவவில்லை.

கோலாமி மத்திய திராவிட மொழிகளுள் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றேகால் இலட்சம் பேருக்குமேல் பேசுகிறார்கள். எமனோவின் கோலாமி நூல் 1955இல் வந்தது. பர்ரோவுடன் அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் கோலாமிச் சொற்கள் நிறைய உண்டு. அந்நூல்களை இன்று நூலகத்தில் எடுத்துப் படிக்க எந்த மாற்றியும் வேண்டியதில்லை. என் பதிவுகள் அப்படிப்பட்டவை அல்ல. ஈலான் என்ற மென்பொருளில் எழுதிய குறிப்புரைகள் ஒலிக்கோப்பைத் தமக்குள் வைத்திருப்பதில்லை. அது எந்த வட்டில், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரியை மட்டும் வைத்திருக்கும். இடம் மாறியதால் பல குறிப்புரைகள் தம் ஒலியைத் தேடி என்னிடம் வழி கேட்டன. ஒவ்வொன்றாக இணைத்து, சரியான இடத்தில் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படித்தான் பெரும்பாலான நாள்கள் கழிந்தன.

கேட்டுக்கொண்டு வரும்போது அவ்வாவின் குரல் வந்தது. எண்பதை நெருங்கிய மூதாட்டி. என் ஆய்வுக்கு ஆறு நாள்கள் பேசினார். 2023 மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவின் நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறார். பாடி முடித்து, சற்று மூச்சு வாங்கி, தெலுங்கில் என்னிடம் சொல்கிறார்: இது எங்கள் வீட்டுப் பாட்டு, நீ எழுதிக்கொள், வெளியில் போடாதே.

அந்த நிபந்தனை என் களக்குறிப்பேட்டில் அன்றைய தேதியில் அடிக்கோடிட்டு இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில், கல்வி நோக்கத்துக்கு என்ற கட்டத்தில், அவருடைய கட்டைவிரல் ரேகை இருக்கிறது. ஆனால் குறிப்பேடு அலமாரியில், படிவம் துறை அலுவலகக் கோப்பில், பாட்டு கணினியில். 64 இலக்க எண் பாட்டு பழுதின்றி வந்ததை உறுதிசெய்தது. அவர் வைத்த நிபந்தனை கூட வந்ததா என்பதை அது சொல்லாது.

இது வெறும் தத்துவ ஐயம் அன்று. இன்றைய கணினிகளைப் புதிதாக அமைக்கும்போது, ஆவணங்கள், படங்கள், மேசைத்தளம் ஆகியவற்றை நிறுவனத்தின் சேமிப்பகத்தில் ஏற்றுவதற்கான தெரிவு முன்கூட்டியே இயக்கப்பட்டிருப்பது வழக்கமாகிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்யப்படுவதுதான், என் நிழற்படங்களுக்கு அது நல்லதே. ஆனால் ‘ஆவணங்கள்’ என்ற கோப்புறையில் நான் எதை வைத்தாலும், என் கை படாமலே அது எங்கோ உள்ள வழங்கிக்குப் போய்ச்சேரும். ‘வெளியில் போடாதே’ என்று அவ்வா சொன்னபோது அவர் மனத்தில் இருந்த ‘வெளி’ எது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்தத் தெரிவை அணைத்துவிட்டு, களப்பதிவுகளைத் தனிப் பிரிவில், கடவுச்சொல்லும் மறையாக்கமும் இட்டு வைத்தேன். காப்புப்படிகள் இரண்டு வெளிவட்டுகளில், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில்.

இதற்கு நடுவில்தான் அவ்வாவின் பேரன் அழைத்தான். ஐடிஐயில் படிக்கிறான். “அக்கா, அவ்வா குரல் உங்களிடம் இருக்கிறதல்லவா? வீட்டில் ஒரு நிழற்படம் மட்டுமே உள்ளது. அந்தப் பாட்டு இருந்தால் அனுப்புங்கள், யூடியூபில் போடுகிறேன், எல்லாரும் கேட்கட்டும்” என்று தெலுங்கில் கேட்டான்.

இரண்டு நாள் யோசித்தேன். பாட்டு அந்த வீட்டினுடையது. கேட்பவன் அந்த வீட்டின் பிள்ளை. கொடுக்க மறுக்க நான் யார்? வெளியில் போடக் கூடாது என்ற சொல் எனக்குச் சொல்லப்பட்டது. அவனையும் அது கட்டுப்படுத்துமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவளும் நான் அல்லள். என் நெறியாளர், பாட்டை மட்டும் வெட்டி அனுப்பினால் போதாதா என்று கேட்டார். வெட்டத்தான் கூடாது என்று பட்டது. பாட்டை மட்டும் வெட்டினால், அதற்குப் பின் வரும் மூச்சும் அந்த மூன்று வாக்கியங்களும் போய்விடும். பாட்டு தன் நிபந்தனையிலிருந்து கழன்று, யாருடையதும் அல்லாத ஒலித்துண்டாகிவிடும்.

ஆகவே ஆறு நாள் பதிவுகளில் அவ்வா பேசிய எல்லாவற்றையும் முழுதாக ஒரு பென் டிரைவில் இட்டு, கைப்பேசியில் கேட்க ஏதுவாகச் சிறிய வடிவிலும் படியெடுத்து, அடுத்த களப்பயணத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பத்தோராம் நிமிடத்தை எல்லாரும் கூடியிருந்து கேட்டார்கள். பாட்டு முடிந்து அவர் குரல் அந்த நிபந்தனையைச் சொன்னபோது, மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பேரன் ஒன்றும் பேசவில்லை. இப்போது வீட்டார் தமக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எதை முடிவுசெய்தாலும், அவ்வா சொன்னதைக் கேட்ட பிறகு செய்யும் முடிவாக அது இருக்கும். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவே.

என் கணினியில் உள்ளவற்றை ‘என் கோப்புகள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த 412 கிகாபைட்டில் எனக்கு மட்டுமே உரியவை என்று சொல்லத்தக்கவை, கட்டுரை வரைவுகளும் சில படங்களும்தான். மற்றவை ஒப்படைக்கப்பட்டவை. ஒப்படைத்தவர்கள் பிட்டுகளை மட்டும் ஒப்படைக்கவில்லை. எப்படி ஒலித்தது, யார் சொன்னது, யாருக்குச் சொல்லலாம் என்பவற்றையும் சேர்த்தே ஒப்படைத்தார்கள். படியெடுக்கும் பொறி முதலாவதைத் தவறாமல் கொண்டுவரும். மற்றவற்றை நாம்தான் தூக்கிவர வேண்டும்.

நடைமுறையில் இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு கோப்புறையிலும் ‘முதலில் படிக்க’ என்ற பெயரில் எளிய உரைக்கோப்பு ஒன்று இருக்கும். எந்தச் சிறப்பு மென்பொருளும் இல்லாமல் திறக்கக்கூடியது. அதில் இருக்கும் செய்திகள்: யார் பேசியது அல்லது எழுதியது, எங்கே, எப்போது, எந்த எழுத்துரு அல்லது குறியேற்றம், எந்த மென்பொருள், என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன, பேசியவர் வைத்த நிபந்தனை என்ன, பதிவில் அது எந்த நிமிடத்தில் உள்ளது. நிபந்தனையைச் சுருக்கி எழுதாமல் அவர் சொன்ன மொழியிலேயே, சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு கோப்புறைக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆய்வேட்டின் காலக்கெடு நெருங்கும்போது இந்தக் கால் மணி நேரம் வீண் என்றுதான் தோன்றும். நமக்குப் பின் அந்த வட்டைத் திறக்கப்போகிறவருக்கு நம் ஆய்வேட்டைவிட அந்தக் குறிப்பு பயன்படக்கூடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீடுகளிலும் துறைகளிலும் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருக்களிலோ அடித்த கோப்புகள் இருந்தால், அடித்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே திறந்து, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து மாற்றுங்கள். ரகரத் திருத்தத்துக்கான நிரலை விரும்புவோர் கேட்டால் அனுப்புகிறேன். களப்பதிவுகளின் நிபந்தனைகளைக் கோப்போடு பிணைத்துவைக்க உங்கள் துறையில் வேறு வழக்கங்கள் இருந்தால் எழுதுங்கள், கற்றுக்கொள்கிறேன்.